இங்கே ஏது டேனரி?

வேலை முடிந்ததும் பானெட்டைத் திறந்து வைத்துப் போட்டோ எடுக்கிறீர்கள். எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. தான் செய்த வேலையைத் தானே நின்று ரசிக்காதவன் இந்தத் தொழிலில் நிலைக்க மாட்டான். ஆனால் போட்டோவில் கசிவு தெரியாது, வாசனை வராது. அதைச் சொன்னால் "மாஸ்டர் பழைய காலத்து ஆளு" என்று சிரிக்கிறீர்கள். சரி, சிரித்து முடித்துவிட்டு இதைப் படியுங்கள்.

மெக்கானிக் ஷெட்டு சாவியை உங்களிடம் கொடுத்த அன்று, "உங்க அனுபவத்துல இருந்து எதாவது எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். என் சாமர்த்தியங்களை எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கத்தில் கை நின்றுவிடுகிறது. தவறுகள் என்றால் தாராளமாக வருகின்றன. அவற்றில் பெரியதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. அதற்கு முன் பதினாலு வருஷம் ஆம்பூரில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். பாய்லர், நீராவிக் குழாய், பம்பு என்று எல்லாம் என் பொறுப்பு. அதை விட்டுவிட்டு வேலூர் பைபாஸ் ஓரத்தில் ஷெட்டு போட்டேன். நெடுஞ்சாலையில் போகிற லாரிகளுக்கு டர்போ பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தித் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே திணிக்கிற சக்கரம்தான் டர்போ. பலம் கூடும், கூடவே சூடும் கூடும். வேகமாகப் போகும்போது அதன் புகைப் பக்க ஓடு பழுத்துச் சிவந்துவிடும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்திலேயே எண்ணெயும் ஓடியாக வேண்டும். இந்த வேலையின் ஆபத்து முழுவதும் அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது.

ரெஹானா ஒருநாள் தன் காரை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். ஆம்பூரில் அவர் குடும்பத்துக்கு ஷூ ஃபாக்டரி. அதில் தரம் பார்க்கும் பிரிவு அவர் பொறுப்பு. வயது இருபத்தாறோ ஏழோ இருக்கும். கார், கப்பலில் வந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு. சென்னைப் பக்கம் நடக்கும் பந்தயங்களில் அதை ஓட்டுவார். சென்னையில் யாரோ அதற்கு டர்போ வைத்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டு பந்தயத்தில் இறங்கி, இரண்டிலும் பாதியில் நின்றுவிட்டது.

பானெட்டைத் திறந்தேன். குழாய்கள் இடியாப்பம் பிழிந்த மாதிரி கிடந்தன.

"மாஸ்டர், அடுத்த ரேஸ்தான் எனக்குக் கடைசி சான்ஸ். மூணாவது தடவையும் பாதியில நின்னா, எங்க வீட்ல வண்டியை வித்துடுவாங்க. அவங்க வித்தாலும் நான் குறை சொல்ல முடியாது. முதல்ல வரணும்னு கேக்கல. முடிக்கணும்" என்றார்.

சென்னைக்காரருக்கு போன் போட்டு, ஆம்பூர் ரெஹானாவின் வண்டி என்று சொல்லி, ஏன் இப்படிக் குழாய் விட்டீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "ஆம்பூர்ல பிரியாணி நல்லா இருக்கும் சார். டர்போ எல்லாம் எங்ககிட்ட விட்டுடுங்க" என்றார். போனை வைத்துவிட்டேன். பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் பழியைப் போட எனக்கு ஆசைதான். ஆனால் அவர் வாயால் சொன்னார், அவ்வளவே. தலையில் ஏற்றிக்கொண்டது நான்.

ஒன்பது நாள் வேறு எந்த வண்டியையும் தொடவில்லை. பழைய வேலையை மொத்தமாகக் கழற்றிவிட்டு, அட்டையிலும் கட்டுக்கம்பியிலும் முதலில் மாதிரி செய்து பார்த்தேன். காற்றுக் குழாயில் ஏழு வளைவு இருந்தது. மூன்றாகக் குறைத்தேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஸ்பேனர் நேராகப் போகிற மாதிரி இடம் விட்டேன். டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பி வரும் குழாயை நேர்க் கீழாக இறக்கினேன். சுத்தமான வேலை என்று நாம் சொல்வது இதைத்தான். எது எங்கே போகிறது என்று பார்த்தவுடன் புரிய வேண்டும், கை போட்டால் எட்ட வேண்டும். எட்டாம் நாள் மாலை அந்த வேலை அப்படித்தான் இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தவில்லை. டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய குழாய் ஒன்று, அந்தப் பழுத்துச் சிவக்கும் ஓட்டுக்கு நாலு விரல்கடை தள்ளிப் போனது. அதற்குச் சூடு படாமல் ஒரு மறைப்பு வேண்டும். தகரத்தை வெட்டி வைத்தால் போதும், லாரியில் அப்படித்தான் வைப்போம். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் தகரமா? சென்னைக்காரன் பார்த்தால் லாரி மெக்கானிக் என்று சிரிப்பானே! அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தோல்.

மற்ற ஊர்க்காரன் எவனுக்கும் அந்த யோசனை வந்திருக்காது. நமக்கு வரும். வெல்டிங் பண்ணும்போது நாம் போடுகிற கையுறை எதனால் ஆனது? மாட்டுத் தோலின் அடிப்பக்கத்தை உரித்து எடுக்கிற ஸ்பிளிட் தோல். பதினாலு வருஷம் அந்தக் கையுறையோடு சூடான இரும்பைத் தூக்கியிருக்கிறேன், கை ஒருநாளும் வெந்ததில்லை. தோல் சூடு தாங்கும் என்பது நமக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மணி அடிக்கும் என்பது போல. யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

ரெஹானாவின் ஃபாக்டரியில் கலைச்செல்வி என்று ஒரு தையல்காரம்மா இருந்தார். ஷூவின் மேல்பாகம் தைப்பதில் அவரை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது. ஒரு குழாய்த் துண்டைக் கொடுத்து, "இதுக்கு ஒரு உறை வேணும்மா. கை பட்டா சுடக்கூடாது, பார்க்கவும் நல்லா இருக்கணும்" என்றேன். காலுக்கு அளவெடுக்கிற மாதிரி அளவெடுத்தார். மறுநாள் கறுப்பு ஸ்பிளிட் தோலில் ஓரங்களை மெல்லியதாகச் சீவி, தையலே வெளியே தெரியாமல் தைத்து அனுப்பினார். மாட்டினேன். தகரமும் இரும்புமான இடத்தில் அது ஒரு நகை மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால் அன்றைக்குப் பானெட்டை நாலு தடவை திறந்து திறந்து பார்த்தேன். உங்களைப் போல போட்டோகூட எடுத்தேன்.

புதன்கிழமை காலை சோதனை ஓட்டம். வெள்ளிக்கிழமை பந்தயத்துக்கு முன்னான பரிசோதனை, ஞாயிறு பந்தயம். மலை ஏறினால்தான் டர்போவின் சூடு தெரியும் என்பதால், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போய் ஆலங்காயத்துக்கு மேலே மலைச்சாலையில் ஏற்றிப் பார்ப்பது என்று முடிவு. ரெஹானா ஓட்டினார். நான் பக்கத்து சீட்டில்.

வண்டி பிய்த்துக்கொண்டு போனது. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டியது. ரெஹானா வாய்விட்டுச் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆம்பூர் தாண்டும்போது தோல் வாசம் வந்தது. அந்த ஊரில் தோல் வாசம் வராவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும். ரெஹானா கண்ணாடியை ஏற்றிவிட்டார். வாணியம்பாடியிலும் வந்தது. அங்கேயும் வரும்தானே. நம் மூக்குக்கு அது ஒரு சேதியே அல்ல.

ஆலங்காயம் கடந்து காடு ஆரம்பித்தது. மழை பெய்து விட்டிருந்தது. சாலை ஏறத் தொடங்கி மூன்றாவது வளைவில் ரெஹானா மூக்கைச் சுளித்தார்.

"மாஸ்டர், இங்க ஏது டேனரி?"

எனக்கும் வந்தது அந்த வாசம். பச்சைத் தோல் வாசம் இல்லை. தோல் கருகுகிற வாசம். காட்டுக்கு நடுவில், ஈர மண்ணுக்கும் இலைக்கும் நடுவில், அது நம் வண்டியிலிருந்து வராமல் வேறு எங்கிருந்து வரும்? எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. புரிந்த பிறகு நான் சொன்னது இது.

"ஒண்ணுமில்லம்மா. புது வேலை இல்ல? பெயிண்ட், கேஸ்கெட் எல்லாம் சூடாகி அடங்கற வரைக்கும் வாசம் ஜாஸ்தியாதான் வரும்."

அவர் சாலை ஓரத்தைப் பார்த்தபடியே ஓட்டினார். வண்டி ஏறிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். நான் சொன்னதில் அரைப் பங்கு நிஜமும் இருந்தது. புது வேலையில் வாசம் வரத்தான் செய்யும். நம் தொழிலில் முழுப் பொய் சொல்கிறவன் ரொம்பக் கம்மி. இப்படி நிஜத்தை முன்னால் நிறுத்தி வைத்துப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்கள்தான் ஜாஸ்தி. அடுத்த மூன்று வளைவுகளில் நான் என்ன யோசித்தேன் தெரியுமா? எண்ணெயைப் பற்றி அல்ல. நிறுத்தினால் பானெட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் உறையைக் கழற்ற வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி செய்ய முடியுமா, சென்னைக்காரன் காதுக்குப் போகுமா, மலை இறங்கினால் தானாக அடங்கிவிடாதா என்றெல்லாம் யோசித்தேன். பக்கத்தில் ஒரு உயிர் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறது என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. எழுதும்போது இன்றும் கை கூசுகிறது.

ஆறாவது வளைவில் வாசத்தோடு லேசாகப் புகை உள்ளே வந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"நிறுத்தும்மா. எஞ்சினை ஆஃப் பண்ணு. என் வேலையிலதான் தப்பு."

ஒரு புளியமரத்தடியில் சாலை கொஞ்சம் அகலமாக இருந்தது, அங்கே நிறுத்தினார். நான் போய்ப் பானெட்டைத் தூக்குவதற்குள் அவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த தீயணைப்பு சிலிண்டரை எடுத்து ஊசியைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்தில் நின்றார். தோல் உறை சுருங்கி, கருத்து, அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. கத்தியால் தையலை அறுத்தேன். உள்ளே காற்றுப் பட்டதும் குப்பென்று ஒரு முழ உயரத்துக்கு நெருப்பு எழுந்தது. ரெஹானா ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. சிலிண்டரை அழுத்தினார். வெள்ளைப் பொடி எல்லாவற்றையும் மூடியது.

அடங்கியதும் பார்த்தேன். குழாய் டர்போவோடு சேரும் மூட்டில் எண்ணெய் கசிந்திருக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு சொட்டு இருந்தால் பெரிது. வெறும் குழாயாக இருந்திருந்தால் ஷெட்டிலேயே கண்ணில் பட்டிருக்கும், அரைத் திருகு திருகியிருந்தால் நின்றிருக்கும். உறை அந்தச் சொட்டையெல்லாம் குடித்துக் குடித்து வைத்துக்கொண்டது. விளக்குக்குத் திரி போட்டு, எண்ணெய் ஊற்றி, பக்கத்தில் நெருப்பையும் வைத்தவன் நான்.

பாய்லர் வேலையில் எனக்கு ஒரு ஃபோர்மேன் இருந்தார். நீராவிக் குழாய் மேல் சூடு காக்கும் சுற்று சுற்றுவதற்கு முன்னால், ஒரு முழு நாள் வெறும் குழாயாக ஓடவிடச் சொல்வார். "சட்டை போடறதுக்கு முன்னாடி உடம்பைப் பாருடா" என்பார். பதினாலு வருஷம் அதைத் தவறாமல் செய்தவன், சொந்த ஷெட்டு போட்டதும் அழகுக்காக அதை மறந்தேன். தெரியாத வேலையில் பயந்து பயந்து செய்வதால் தப்பித்துவிடுகிறோம். தெரிந்த வேலையில்தான் மாட்டிக்கொள்கிறோம்.

"யார் தப்புன்னு அப்புறம் பேசலாம் மாஸ்டர்" என்றார் ரெஹானா. முகமெல்லாம் பொடி. "வெள்ளிக்கிழமை காலைக்குள்ள சரி பண்ண முடியுமா?"

"முடியும். ஆனா அழகா இருக்காது."

"அழகு யாருக்கு வேணும்? நான் கேட்டேனா?"

கேட்கவே இல்லை. நினைத்துப் பார்த்தால், முதல் நாளிலிருந்து அவர் முடிக்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டார்.

ஒரு லாரியில் வண்டியை ஏற்றித் திரும்பினோம். வழியில் ஆம்பூரில் இறங்கி, கருகிய உறையை எடுத்துக்கொண்டு கலைச்செல்வியிடம் போனேன். வேறு யார் மூலமாகவாவது தெரிந்தால், தன் தையலில் குறை என்று நினைத்துக்கொள்வார். அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார்.

"இன்னா அண்ணா இது? இதுல எண்ணெய் பட்டிருக்குது."

"ஆமாம்மா."

"கை பட்டா சுடக்கூடாதுன்னுதானே சொன்னீங்க? பக்கத்துல எண்ணெய் ஓடும்னு சொல்லவே இல்லையே. கிளவுஸ்ல எண்ணெய் ஊறிப்போச்சுன்னா நாங்களே அதை நெருப்பு வேலைக்குத் தர மாட்டோம், தூக்கிப் போட்டுடுவோம். சொல்லியிருந்தா அன்னிக்கே வேணாம்னு சொல்லியிருப்பேன்."

விடை என் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அளவை மட்டும் சொன்னேன், வேலையைச் சொல்லவில்லை. ஒருவரிடம் ஒரு பாகம் செய்யக் கொடுக்கும்போது, அது எங்கே உட்காரப் போகிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம்மைவிட அவர்களுக்கு அவர்கள் பொருள் தெரியும்.

ஷெட்டுக்குப் போனதும் பொடியைக் கழுவித் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். அலுத்துக்கொள்ளவும் இல்லை, சாமியை நொந்துகொள்ளவும் இல்லை. செய்தே தீருவது என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. எண்ணெய்க் குழாயை இரும்பில் வளைத்து, சூட்டுக்கு எதிர்ப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோனேன். மூட்டு முன்பக்கம் பார்த்து, டார்ச் அடித்தால் தெரிகிற இடத்தில் வந்தது. நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒரு தகர மறைப்பு. லாரிக்கு வைக்கிற அதே மறைப்பு. எல்லா மூட்டுகளையும் துடைத்துக் காயவைத்து, சுண்ணாம்புப் பொடி பூசி, கீழே வெள்ளைத் தாள் விரித்து, வியாழன் முழுவதும் எஞ்சினை விட்டுவிட்டு ஓடவிட்டேன். பொடி ஈரமானால் அங்கே கசிவு என்று அர்த்தம். ஸ்டூல் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ட்யூட்டி முடிந்து சாப்பாடு கொண்டுவந்தவள் பார்த்துவிட்டு, "எங்க ஐ.சி.யூ.ல கூட இப்படிப் பார்த்துக்க மாட்டோம்" என்றாள். மாலை ஐந்து மணிக்கும் பொடி காய்ந்தே இருந்தது. அப்புறம்தான் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை பந்தய மைதானத்தில் பரிசோதகர் பானெட்டைத் திறந்தார். நரைத்த மீசை, கையில் டார்ச். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யார் பண்ணது இது?"

"நான்தான் சார்."

"லாரி வேலை செய்வீங்களா?"

காது சூடானது. "ஆமா சார்" என்றேன்.

"தெரியுது. எல்லாம் கண்ணுக்கு முன்னாடி இருக்குது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்து வண்டியில் கறுப்புத் துணி சுற்றிய குழாய்களைப் பிரிக்கச் சொல்லி, அரைமணி நேரமாக வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரெஹானா ஆறாவதாக வந்தார். வண்டி நிற்கவில்லை. கடைசிச் சுற்றில் அந்தக் கார் கோட்டைத் தாண்டியபோது நான் தகரக் கூரைக்குக் கீழே நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அழுததில் வெட்கமில்லை.

வண்டி உள்ளே வந்ததும் பானெட்டைத் திறந்து மூட்டுகளைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ரெஹானா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, இறங்காமல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு மலையில, ஒண்ணுமில்ல பெயிண்ட் வாசம்னு சொன்னீங்களே. அப்ப உங்க இடது கை எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகமில்லை.

"கதவுப் பிடியில. ஒண்ணுமில்லன்னு என்கிட்ட சொல்லிக்கிட்டே, உங்க பக்கத்துக் கதவை நீங்க பிடிச்சுக்கிட்டீங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நிறுத்த இடம் தேடிக்கிட்டே காலைத் தூக்கி மெதுவாத்தான் வந்தேன். அந்தப் புளியமரம் தெரிஞ்சதும் நானே நிறுத்தியிருப்பேன். அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க." தண்ணீரைக் குடித்துவிட்டு பாட்டிலை என்னிடம் நீட்டினார். "நான் நிறுத்தியிருந்தா, இந்த வண்டி மறுபடி உங்க ஷெட்டுக்கு வந்திருக்காது மாஸ்டர்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தரம் பார்க்கும் மேஜையில் ஒரு ஜோடி ஷூவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சொல்கிற குரலில்தான் சொன்னார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை. ஒரு புளியமரத்துக்கும் என் வாய்க்கும் நடுவில் இருந்த தூரம் சில கஜம்தான்.

அதன்பிறகு இருபது வருஷம் எத்தனையோ சோதனை ஓட்டங்களுக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். கை தானாகக் கதவுப் பக்கம் நகர்ந்தால், அடுத்த வளைவு வருவதற்குள் வாயைத் திறந்து சொல்லிவிட்டேன்.